ஆளில்லா ரெயில் நிறுத்தங்களும் ஊராரின் கடமையும்

(ஜவ்வாது மலையடிவாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



ரெயில்வே என்று சொன்ன மாத்திரத்தில் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவன சென்னை சென்ட்ரலும், காட்பாடி, ஜோலார்பேட்டை போன்ற ஜங்ஷன்களுமே. உயர்ந்த கட்டிடங்கள், பல பிளாட்பாரங்கள், ஓயாத ஜனக்கூட்டம் ஆகியவை கண்ணைக் கவர்வது இயல்பே. ஆயினும் கிராமவாசிக்கு நித்திய உபயோகமாயிருப்பது அந்தப் பெரிய நிலையம் அன்று. வயல்களுக்கு நடுவே, ஒரு வேப்பமரத்தடியில், பெயர்ப் பலகை ஒன்றும் தகரக் கூரை ஒன்றும் தவிர வேறொன்றும் இல்லாமல் நிற்கிறதே, அந்தச் சிறு நிறுத்தமே அவனுக்கு உரியது. அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, போர்ட்டர் இல்லை, கைகாட்டி மரமும் இல்லை. வண்டி வரும், ஒரு நிமிஷம் நிற்கும், போய்விடும். இத்தகைய நிறுத்தத்திற்கு ஜனங்கள் வழங்கும் பெயர் ஹால்ட் ஸ்டேஷன் என்பது. ஆளில்லாத இந்த இடம் எவ்வாறு நடைபெறுகிறது, எதனால் சில இடங்களில் மூடப்படுகிறது, அதைக் காப்பாற்றுவதில் ஊராரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் செய்யக்கூடியது யாது என்பவையே இச்சொற்பொழிவின் விஷயம்.

மலையைச் சுற்றிய இருப்புப் பாதைகள்

ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரவிக் கிடக்கிறது. மலையின்மீது ரெயில் ஏறவில்லை. ஆனால் அதன் இரு புறங்களிலும் இருப்புப் பாதை உண்டு. வடக்கிலும் மேற்கிலும் செல்வது சென்னையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வழியாகச் சேலம் செல்லும் பெரும்பாதை. 1856ஆம் வருஷத்தில் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் முதன்முதலாக ஓடிய மதராஸ் ரெயில்வேயின் தொடர்ச்சியே இது. 1862ல் இப்பாதை மேற்குக் கடற்கரையை எட்டிற்று. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை போடப்பட்டது. அந்நாளில் எஞ்சின்களுக்கு விறகே முக்கிய எரிபொருளாயிருந்தது என்பதை நினைத்தால், ரெயில்வேக்கும் காடுகளுக்கும் இருந்த சம்பந்தம் விளங்கும்.

மலைக்குக் கிழக்கே செல்வது காட்பாடியிலிருந்து வேலூர், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் சேரும் பாதை. இதன் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தென்னிந்திய ரெயில்வேயாரால் மீட்டர் கேஜாகப் போடப்பட்ட இப்பாதையில் அகலப் பாதை வேலைக்காகச் சில ஆண்டுகள் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2010ஆம் ஆண்டையொட்டி மறுபடி வண்டிகள் ஓடத் தொடங்கின. இடைப்பட்ட அவ்வாண்டுகளில் ஜனங்கள் பஸ்ஸையே நாட வேண்டியதாயிற்று. ஒரு முறை வேறு வழிக்குப் பழகிய பிரயாணி திரும்பி வருவது அத்தனை சுலபமன்று. இந்த விஷயம் பின்னால் மறுபடி கவனிக்கத்தக்கது.

ஆரணி ரோடு என்ற பெயரில் ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. ஆரணிப் பட்டணம் அங்கே இல்லை. ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். பட்டணத்துக்குச் செல்லும் சாலை அங்கிருந்து பிரிகிறது. வாலாஜா ரோடு, கொடைக்கானல் ரோடு முதலிய பெயர்களும் இவ்வாறு அமைந்தவையே. பாதை போட்டவர்கள் ஊரைத் தேடி வளையாமல், மேடு பள்ளம் பார்த்துச் செலவு குறைந்த வழியில் சென்றனர். ஊர்தான் ஸ்டேஷனைத் தேடி வர வேண்டியிருந்தது. ஆதலால் எந்தச் சிறு நிலையத்தின் பயனும் அதன் பிளாட்பாரத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஊரிலிருந்து அதற்குச் செல்லும் வழியே அதன் பாதி உயிர்.

ஹால்ட் என்பது யாது?

ரெயில்வே சாஸ்திரத்தில் நிலையங்கள் இரு வகைப்படும். ஒரு வகையில், இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று மோதாதபடி பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு வண்டி மட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் வேலை நடக்கிறது. அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் இரவும் பகலும் இருந்தே தீர வேண்டும். மற்றொரு வகையில் இந்த வேலை கிடையாது. பாதையில் கிளையில்லை, சிக்னல் இல்லை. பிரயாணிகள் ஏறி இறங்குவதற்காக மட்டும் வண்டி நிற்கிறது. இந்த இரண்டாவது வகையே ஹால்ட். டிரைவர் கால அட்டவணைப்படி வண்டியை நிறுத்துகிறார். பின்னால் இருக்கும் கார்டு, 2022 முதல் ரயில் மேனேஜர் என்று பெயர் பெற்றவர், பிரயாணிகள் ஏறி இறங்கியதைப் பார்த்துப் பச்சைக் கொடியோ விளக்கோ காட்டுகிறார். வண்டி புறப்படுகிறது. அவ்வளவே.

ஆளில்லாத இடத்தில் டிக்கெட் யார் கொடுப்பது? இதற்கு ரெயில்வேயார் கண்ட உபாயம் ஹால்ட் ஏஜெண்டு என்பவர். இவர் ரெயில்வே உத்தியோகஸ்தர் அல்லர், பெரும்பாலும் உள்ளூர்க்காரர். அருகிலுள்ள பெரிய ஸ்டேஷனில் தம் கைப்பணத்தைக் கட்டி டிக்கெட்டுகளை முன்கூட்டி வாங்கி வருகிறார். ஹால்ட்டில் வண்டி வரும் சமயத்தில் விற்கிறார். விற்ற தொகைக்குத் தக்கபடி கமிஷன் பெறுகிறார். மாதச் சம்பளம் கிடையாது. டிக்கெட் விற்றால் அவருக்கு ஜீவனம்; விற்காவிட்டால் வெயிலில் வந்து நின்றதே மிச்சம். சங்கத்து டிப்போவில் சரக்கெடுத்து விற்பவருடைய நிலைமையும் இதுவேயாகையால், அங்கத்தினர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏஜெண்டு வருவதை நிறுத்திவிட்டால் டிக்கெட் விற்பனை நிற்கிறது. விற்பனை நின்றால் கணக்கில் அந்த ஹால்ட்டுக்குப் பிரயாணிகளே இல்லை என்று ஆகிறது.

கணக்குப் புத்தகமே ஆயுள்

இங்கேதான் கிராமவாசி அறிய வேண்டிய முக்கிய விஷயம் இருக்கிறது. ஒரு நிலையத்தில் எத்தனை பேர் ஏறினர் என்பதை ரெயில்வேயார் தலையை எண்ணி அறிவதில்லை. அங்கே விற்ற டிக்கெட்டை எண்ணியே அறிகின்றனர். 2017ஆம் ஆண்டில் இந்திய ரெயில்வே நிலையங்கள் புதிதாக வகுக்கப்பட்டபோது ஹால்ட்டுகளுக்கென்று தனியாக மூன்று வகுப்புகள் ஏற்பட்டன. ஆண்டு வருமானமும், அங்கிருந்து புறப்படும் பிரயாணிகளின் தொகையுமே அந்த வகுப்புகளுக்கு அளவுகோல். எந்த வசதி எந்த நிலையத்துக்கு என்பதும் வகுப்பைப் பொறுத்ததே. ஆகவே பிளாட்பாரத்தில் நூறு பேர் நின்றாலும், அவர்களில் பத்துப் பேரே அங்கு டிக்கெட் வாங்கினால், புத்தகத்தில் பதிவது பத்தே.

டிக்கெட் இல்லாமல் ஏறி, பரிசோதகர் வராததால் தப்பித்துக்கொள்ளும் ஒருவர், தாம் 10 ரூபாய் மிச்சப்படுத்தியதாக நினைக்கிறார். 1989ஆம் வருஷத்து ரெயில்வே சட்டப்படி அகப்பட்டால் கட்டணத்தோடு குறைந்தபட்சம் 250 ரூபாய் அதிகப்படியாகச் செலுத்த வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, அகப்படாமல் போவதில்தான் ஊருக்கு அதிக நஷ்டம். அபராதம் அவரை மட்டும் சேரும். குறைந்த கணக்கோ ஊர் முழுவதையும் சேரும். சங்கத்தில் கடன் வாங்கித் திருப்பாத ஒருவரால் நாணயமுள்ள மற்றவர்களுக்கும் வட்டி உயர்வதும், புதுக்கடன் மறுக்கப்படுவதும் எவ்வாறோ, இதுவும் அவ்வாறே. ஹால்ட்டில் ஏறி அடுத்த பெரிய ஸ்டேஷனில் இறங்கி அங்கே டிக்கெட் வாங்கிக்கொள்பவர் அரசாங்கத்தை ஏமாற்றவில்லை எனினும், தம் ஊர் வருமானத்தை வேறோர் ஊர்க் கணக்கில் எழுதுகிறார்.

ரெயில்வேயார் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பல நூறு டன் எடையுள்ள வண்டியை நிறுத்தி மறுபடி வேகமெடுக்கச் செய்வதில் மின்சாரமும் நேரமும் செலவாகின்றன. காட்பாடி-விழுப்புரம் போன்ற ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி தாமதித்தால் எதிரே வரும் வண்டியும் காத்துக்கிடக்க நேரும். இருவர் மூவர் ஏறுமிடத்தில் நாள்தோறும் இவ்வாறு நிறுத்துவது பொதுப் பணத்தின் வீண் செலவு என்று அவர்கள் கருதுவதில் தவறில்லை. உண்மையில் எத்தனை பேர் ஏறுகின்றனர் என்பதை அவர்களுக்குக் காட்டுவது ஊராரின் பொறுப்பு.

சமீப காலத்து அனுபவம்

2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயின் நிமித்தம் நாடெங்கும் பிரயாணி வண்டிகள் நிறுத்தப்பட்டன. பின்னர் சிறிது சிறிதாக ஓடத் தொடங்கியபோது, பாஸஞ்சர் வண்டிகளில் பல ஸ்பெஷல் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓடின. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் என்றிருந்தது 30 ரூபாயாயிற்று. பல சிறு நிலையங்களில் வண்டிகள் நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் பழைய 10 ரூபாய்க் கட்டணம் திரும்ப வந்தது. ஆனால் நான்கு ஆண்டு காலத்தில் பால்காரரும், தறிக்காரரும், காலேஜ் மாணவரும் வேறு வழி பார்த்துக்கொண்டனர். ஒரு ஹால்ட் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் வண்டி நிற்பது தவறும். பிறகு ஏஜெண்டு வருவது தவறும். பிறகு ஜனங்கள் வருவது தவறும். கடைசியில், உபயோகமில்லாததை மூடினோம் என்ற உத்தரவு வரும்.

இதற்கிடையில் 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் அரசாங்கத்தின் சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் இல்லை என்ற ஏற்பாடும் அமலுக்கு வந்தது. இது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய நன்மை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் இலவச பஸ் கிடைக்குமிடத்தில் 10 ரூபாய் ரெயிலுக்கு எத்தனை ஸ்திரீகள் வருவர்? ஆகையால் எல்லா ஹால்ட்டும் எக்காலமும் இருந்தே தீர வேண்டும் என்று வாதிப்பது நேர்மையாகாது. பஸ் அடிக்கடி செல்லும் கிராமத்தில் ஹால்ட்டின் தேவை குறைவே. பஸ் குறைந்த இடத்திலும், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் போன்ற தூரத்து ஊர்களுக்கு ஆஸ்பத்திரி, கோர்ட்டு, காலேஜ் ஆகியவற்றை நாடிப் போகிறவர்கள் இருக்கும் இடத்திலும் மட்டும் அது இன்றியமையாதது. எந்த ஊர் எந்த ரகம் என்பதை அவ்வூராரே நிதானித்து முடிவு செய்ய வேண்டும்.

ராஜஸ்தானத்து உதாரணம்

ராஜஸ்தான் மாகாணத்தில் சீகர் ஜில்லாவில் ரஷீத்புரா கோரி என்று ஒரு சிறு நிலையம் உண்டு. போதிய வருமானம் இல்லை என்ற காரணத்தால் 2005ஆம் ஆண்டையொட்டி அது மூடப்பட்டது. சுற்றுக் கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. ரெயில்வே அதிகாரிகளைத் திரும்பத் திரும்பக் கண்டு முறையிட்டனர். சில ஆண்டுகளுக்குப் பிறகு அதிகாரிகள் ஒரு நிபந்தனையின்மேல் இசைந்தனர். ஆண்டொன்றுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு டிக்கெட் விற்பனையாக வேண்டும் என்பதே அது. கிராமத்தார் அதை ஏற்றனர். டிக்கெட் விற்பது, நிலையத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஆகிய பொறுப்புகளைத் தாங்களே எடுத்துக்கொண்டனர். டிக்கெட் வாங்காமல் ஒருவரும் ஏறலாகாது என்று தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டனர்.

3 லட்சம் என்பது கேட்பதற்கு மலைப்பாகத் தோன்றும். ஆனால் கணக்குப் பார்த்தால் அச்சம் தீரும். இன்றைய குறைந்தபட்சக் கட்டணமாகிய 10 ரூபாய் டிக்கெட்டையே எல்லோரும் வாங்குவதாக வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 30,000 டிக்கெட்டு, நாளொன்றுக்கு 82. பாதிப்பேர் 20 ரூபாய்ப் பிரயாணம் செய்வாராயின் நாளொன்றுக்கு 55 டிக்கெட்டே போதும். நான்கைந்து கிராமங்களுக்குப் பொதுவான ஹால்ட்டில் இது எட்டாத தொகையன்று. பெரிய தொகையை அன்றாடக் கடமையாகப் பிரித்துப் பார்ப்பது கூட்டுறவுக்காரர்களுக்குப் புதிதன்று. 1904ஆம் வருஷத்தில் திருவள்ளூருக்கு அருகில் திரூர் கிராமத்தில் ஏற்பட்ட விவசாய நாணய சங்கம் முதலாக, இம்மாகாணத்துச் சங்கங்கள் அனைத்தும் சில்லறைப் பணத்தைச் சேர்த்தே வளர்ந்தன.

ஹரியானாவிலிருந்து மற்றோர் உதாரணம். டில்லி-ரேவாரி பாதையில் குர்காவ் ஜில்லாவைச் சேர்ந்த தாஜ்நகர் என்னும் கிராமத்தார், தங்கள் ஊரில் வண்டி நிற்க வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டனர். நிலையம் கட்டப் பணமில்லை என்று பதில் வந்தது. பணம் தாங்களே தருவதாகக் கூறி, வீடுதோறும் வசூலித்துச் சுமார் 20 லட்சம் ரூபாயில் பிளாட்பாரங்களும் டிக்கெட் ஜன்னலும் அமைத்தனர். 2010 ஜனவரியில் அங்கே முதல் வண்டி நின்றது. சர்க்கார் செய்ய வேண்டிய காரியத்தை ஊரார் தலையில் சுமத்துவது முறையா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எல்லா ஊரும் 20 லட்சம் கொடுக்க வேண்டும் என்பது இந்த உதாரணத்தின் கருத்தன்று. ஊரார் ஒருமுகமாக நின்றால், முடியாது என்ற பதில் முடிவான பதில் ஆகாது என்பதே கருத்து.

இங்கிலாந்தில் நடந்தது

ரெயில்வே பிறந்த நாடாகிய இங்கிலாந்திலும் இதே கஷ்டம் வந்தது. 1963ஆம் வருஷத்தில் டாக்டர் பீச்சிங் என்பவர் வெளியிட்ட அறிக்கையில், நஷ்டத்தைக் குறைப்பதற்காக 2,363 நிலையங்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூட வேண்டும் என்று சிபார்சு செய்யப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி மூடப்பட்டும் விட்டது. தப்பிப் பிழைத்த சிறு நிலையங்கள் பலவற்றிலிருந்து ஆட்கள் எடுக்கப்பட்டனர். இன்று அந்நாட்டு நிலையங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஆளில்லாதவை. சில இடங்களில் பிரயாணி கையை நீட்டினால்தான் டிரைவர் வண்டியை நிறுத்துவார்.

வட இங்கிலாந்தில் செட்டில் என்ற சிறு பட்டணத்திலிருந்து கார்லைல் வரையில் மலைகளுக்கு நடுவே செல்லும் பாதை ஒன்று உண்டு. அதில் டெண்ட் என்னும் நிலையம் சுமார் 1,150 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரதான பாதைகளில் இதுவே மிக உயர்ந்த நிலையம். இதற்கும் டெண்ட் கிராமத்துக்கும் நாலு மைல் தூரம். ஆரணியும் ஆரணி ரோடும் போலவே. 1970ல் இது மூடப்பட்டது. பின்பு அந்தப் பாதை முழுவதையுமே மூடிவிட உத்தேசித்தனர். 1981ல் பாதையின் அபிமானிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்தனர். ஆயிரக்கணக்கான ஆட்சேபணைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒரு நாயின் காலடித் தடமும் ஒன்று. கட்டணம் செலுத்திப் பிரயாணம் செய்யும் நாயாகையால் அதன் ஆட்சேபணையும் செல்லும் என்று ஏற்கப்பட்டதாம்! வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஓர் உண்மை உண்டு. கட்டணம் செலுத்தியவனுக்கே கேட்கும் உரிமை. ஆட்சேபித்ததோடு நில்லாமல் ஜனங்கள் அந்தப் பாதையில் அதிகமாகப் பிரயாணமும் செய்தனர். 1986ல் டெண்ட் உள்ளிட்ட சிறு நிலையங்கள் மறுபடி திறக்கப்பட்டன; 1989ல் பாதையை மூடும் யோசனை கைவிடப்பட்டது. இன்று அந்நாட்டில் பல சிறு நிலையங்களுக்கு ஊரார் குழுக்கள் உண்டு. பூச்செடி வைப்பது முதல் கால அட்டவணை ஒட்டுவது வரையில் அவர்கள் கவனித்துக்கொள்கின்றனர்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

ஜவ்வாது மலையடிவாரத்துக் கிராமங்களில் இதை அனுசரித்துச் செய்யத்தக்க காரியங்கள் சில.

முதலாவது, எண்ணிக்கை. அருகிலுள்ள ஹால்ட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை பேர் ஏறுகின்றனர், எத்தனை பேர் டிக்கெட் வாங்கினர் என்பதை ஒரு மாத காலம் தவறாமல் குறித்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன்கள் இருவர் இதற்குப் போதும். அதிகாரிகளுக்கு எழுதும் மனுவில் கையொப்பம் ஆயிரம் இருப்பதைவிட, இந்தக் கணக்கு ஒரு பக்கம் இருப்பது மேலானது.

இரண்டாவது, ஏஜெண்டு. ரெயில்வேயார் ஹால்ட் ஏஜென்சிக்கு மனுக் கோரும்போது நாணயமும் எழுத்தறிவும் உள்ள உள்ளூர் வாலிபர் ஒருவரோ ஸ்திரீ ஒருவரோ மனுச் செய்யும்படி சங்கம் தூண்டலாம். முன்பணம் கட்ட வழியில்லாமையே பலர் பின்வாங்கக் காரணம். டிக்கெட் வாங்கும் முதலுக்குச் சிறு கடன் கொடுப்பது, உபவிதிகள் இடங்கொடுக்குமாயின், சங்கத்துக்குத் தகுந்த காரியமே. சரக்கோ அன்றாடம் பணமாகிறது. ஆதலால் கடன் மூழ்கும் பயமும் குறைவு.

மூன்றாவது, வழி. முன்னே சொன்னபடி ஸ்டேஷனுக்குச் செல்லும் வழியே அதன் பாதி உயிர். முள் அடர்ந்து, மழையில் சேறாகி, இரவில் பாம்புக்கு அஞ்ச வேண்டிய வழியில் கர்ப்பிணியும் கிழவரும் எப்படி வருவர்? இது பஞ்சாயத்துக்குரிய வேலை. விளக்கும் மண்வேலையும் அதன் அதிகாரத்தில் உள்ளவை. பிளாட்பாரம் தண்டவாள மட்டத்தில் இருக்குமிடத்தில் வண்டிப் படி ஆள் இடுப்பளவு உயரத்தில் நிற்கும். உயர்ந்த பிளாட்பாரம் சுமார் 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரம் உடையது. தாழ்ந்தது சுமார் 45 சென்டிமீட்டர். தாழ்ந்த பிளாட்பாரமேனும் வேண்டும் என்று கேட்பதற்கு ஊராருக்கு முழு நியாயமும் உண்டு. ஆனால் ரெயில்வே எல்லைக்குள் அனுமதியின்றி ஒரு கூடை மண்ணும் கொட்டலாகாது. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் வழக்கத்தையும் சங்கத்தார் கண்டிக்க வேண்டும். அகலப் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராஸிங்குகளை 2019ஆம் ஆண்டு தொடக்கத்துக்குள் ரெயில்வேயார் ஒழித்துவிட்டனர்; ஆனால் ஜனங்கள் தாங்களே உண்டாக்கும் ஒற்றையடிப் பாதைகளை எந்த உத்தரவும் ஒழிக்க முடியாது.

நான்காவது, மலையிலிருந்து இறங்கும் பஸ். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கும், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கும், புதூர் நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கும் இறங்கி வருகிற மலையாளி ஜனங்களுக்கு ரெயில் உபயோகப்பட வேண்டுமாயின், பஸ் வந்து சேரும் நேரமும் வண்டி புறப்படும் நேரமும் பொருந்த வேண்டும். பத்து நிமிஷம் முன்னே போன வண்டி, ஓடாத வண்டிக்குச் சமானம். இரு கால அட்டவணைகளையும் பக்கம் பக்கமாக எழுதிச் சங்கக் கட்டிடத்தில் ஒட்டி வைப்பது முதல் வேலை. எங்கே பொருந்தவில்லையோ அதை மட்டும் குறித்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதுவது இரண்டாவது வேலை. ரெயில் நேரத்தை மாற்றுவதைவிட பஸ் நேரத்தைச் சற்று மாற்றுவது எளிது.

ஐந்தாவது, சரக்கு. மலையில் விளையும் சாமை, புளி, தேன், பலா ஆகியவற்றை ஹால்ட்டிலிருந்து மூட்டை மூட்டையாக அனுப்பலாம் என்று எண்ணுவது வீண். ஹால்ட்டில் பார்சல் ஆபீஸ் கிடையாது. வண்டி நிற்பதோ ஒரு நிமிஷம். இரண்டாம் வகுப்புப் பிரயாணி 35 கிலோ வரையில் இலவசமாகக் கொண்டு செல்லலாம். சந்தைக்குப் போகிறவர் ஒரு கூடைச் சரக்கைக் கொண்டுபோக இது போதும். அதற்கு மேற்பட்டதைச் சங்கம் ஒன்றுசேர்த்து லாரியில் அனுப்புவதே சரி. ஹால்ட் மனிதர்களுக்கு, சரக்குக்கு அன்று. முடியாததைக் கேட்டு மனுவை நீட்டினால் முடிவதும் கிடைக்காமல் போகும்.

முடிவாக

மேற்கூறிய காரியங்களில் பெரும் பணம் வேண்டியது ஒன்றுமில்லை. வேண்டுவது ஒழுங்கு. ஒரு நாள் உற்சாகமாகக் கூட்டம் கூடி, மாலை போட்டு, மனுக் கொடுத்துவிட்டு மறுநாள் டிக்கெட் இன்றி வண்டி ஏறினால் அந்த மனுவை அவர்களே கிழித்தெறிந்தது போலாகும். ஆளில்லாத நிலையம் என்று சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. சம்பளம் வாங்கும் ஆள் இல்லை என்பதே உண்மை. அங்கே தினமும் வந்து நிற்கும் ஐம்பது அறுபது பேரும் அதன் ஆட்களே. அவர்கள் பொறுப்பேற்றால் அது நடக்கும். ஏற்காவிட்டால் ஸ்டேஷன் மாஸ்டரும் போர்ட்டரும் இருந்தும் பயனில்லை. ஊர் கூடினால் தேர் ஓடும் என்பது பழமொழி. தேரை இழுக்க ஆண்டில் ஒரு நாள் கூடினால் போதும். ரெயில் நிற்பதற்கோ நாள்தோறும் ஒவ்வொருவரும் ஜன்னலுக்கு முன் ஒரு நிமிஷம் நின்று, தம் ஊர்ப் பெயர் அச்சிட்ட டிக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, எண்ணிக்கை எடுக்கும் மாதத்தையும், அதற்குப் பொறுப்பான இருவர் பெயரையும் அன்றே குறித்துக்கொள்வார்களாயின், இச்சொற்பொழிவின் பயன் முழுவதும் நிறைவேறியதாகும்.